விளையாட்டுக்கு ஓர் ஆசான் – ஹாரி குரோ பக்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சுவரைக் காக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும் என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் நம் கால அட்டவணையில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே விளையாட்டுக்கும் ஒரு பீரியட் இருக்கிறது. அதற்கென்று ஓர் ஆசிரியை இருக்கிறார். அவர் கழுத்தில் விசில் தொங்குகிறது. அவருடைய அறையில் கூடைப்பந்தும், கைப்பந்தும், டென்னிகாய்ட் வளையங்களும், சுண்ணாம்புப் பொடி வாளியும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் தோன்றிய நாள் முதலே இவை எல்லாம் இருந்தன என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மாகாணத்தில் நிலைமை அவ்வாறு இல்லை. விளையாட்டைக் கற்பிப்பதற்கும் ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியரைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணமே அப்போது புதிது. அந்த எண்ணத்துக்குச் சென்னையில் உருவம் கொடுத்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். நம் உடற்கல்வி ஆசிரியர்கள் எச்.சி. பக் என்றால் உடனே அறிவார்கள். மாணவியராகிய நாம் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். அவருடைய வாழ்க்கையையும், அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

அந்நாளைய பள்ளிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில் என்றே பொருள். பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரே டிரில் மாஸ்டராக இருப்பார். மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் கட்டளையிடுவார். அவர்கள் கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள், திரும்புவார்கள். எதற்காகச் செய்கிறோம் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். மற்ற ஆசிரியர்களுக்குள்ள மதிப்பும் ஊதியமும் டிரில் மாஸ்டருக்குக் கிடையா.

விளையாட்டு நம் மக்களிடம் இல்லாமல் இல்லை. கொங்கு நாட்டுக் களத்து மேடுகளில் பையன்கள் மூச்சுப்பிடித்துச் சடுகுடு ஆடினார்கள். திண்ணைகளில் பெண்கள் தாயமும் பல்லாங்குழியும் ஆடினார்கள். வாசலில் கட்டம் போட்டு நொண்டி ஆடினார்கள். ஆனால் இந்த ஆட்டங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்றே பெற்றோர் எண்ணினர். விளையாடுகிற பிள்ளை உருப்படாது என்ற எண்ணமும் இருந்தது. பெண் குழந்தைகளோ வயது வந்ததும் வீட்டு முற்றத்தில்கூட ஓடியாட முடியாது.

இளமையும் கல்வியும்

ஹாரி குரோ பக் 25-11-1884 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள பெரிய துறைமுக நகரம் வேறு, இது வேறு. இது சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் உள்ள சின்னஞ்சிறிய ஊர்.

அவர் உடற்கல்வி பயின்றது மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில். கிறிஸ்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ. தன் ஊழியர்களுக்காக அங்கே ஒரு பயிற்சிக் கல்லூரி நடத்தி வந்தது. அந்தக் கல்லூரியின் பெருமையை நம் கூடைப்பந்துக் குழுவினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வெளியே பனி பெய்து மைதானம் பயன்படாத நாளில், அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் பீச் பழக் கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டினார். அந்தக் கூடைக்குள் பந்தைப் போடும் புதிய ஆட்டத்துக்கு 13 விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதுவே கூடைப்பந்து. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895-இல், அதே கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் இரண்டு ஆட்டங்களும் இவ்வாறு ஒரே கல்லூரியின் தொடர்பில் பிறந்தவை.

உடல், அறிவு, ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்து வளர்ந்தால்தான் மனிதன் முழுமை பெறுவான் என்பது அக்கல்லூரியின் அடிப்படைக் கொள்கை. ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் உள்ள முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் இவற்றையே குறிக்கின்றன. இந்தக் கொள்கையில் ஊறியவராகத்தான் பக் நம் நாட்டுக்கு வந்தார்.

சென்னையில் ஐந்து மாணவர்கள்

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919-இல், பக் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. 1890 முதலே இயங்கி வந்தது. எஸ்பிளனேடில் அதற்குச் சொந்தக் கட்டடமும் இருந்தது. அவர் நினைத்திருந்தால் அங்கே ஒரு நல்ல குழுவை உருவாக்கிக் கோப்பைகளை வென்றிருக்கலாம். அது எளிதான வழி. பத்திரிகைகளில் பெயரும் வந்திருக்கும்.

அவர் தேர்ந்தெடுத்ததோ கடினமான வழி. வீரர்களை உருவாக்குவதைவிட ஆசிரியர்களை உருவாக்குவதே முதல் வேலை என்று அவர் கருதினார். ஒரு வீரன் ஓடினால் ஒருவனே ஓடுகிறான். ஓர் ஆசிரியர் கற்பித்தால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடுவார்கள் அல்லவா? ஆகவே 1920-ஆம் ஆண்டு உடற்கல்வி ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய நிறுவனம் அதுவே முதலாவது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் ஐந்தே ஐந்து பேர்!

ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் பழக்கத்தை மாற்ற முடியும் என்று நம்புவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! கடுகு விதை மரமாகும் உவமையை நம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த ஐந்து பேர் கொண்ட பள்ளியே வளர்ந்து, அடையாற்றங்கரைக்குச் சென்று, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி என்ற பெயருடன் இன்று சென்னை நந்தனத்தில் விளங்குகிறது. சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் சென்று வந்த பெற்றோர் பலர் நம்மிடையே இருப்பார்கள். அவர்கள் நடந்த மண் அந்தக் கல்லூரியின் மைதானம்தான்.

அங்கே மாணவர்கள் மைதானத்தில் ஆடுவதோடு நிற்கவில்லை. உடற்கூறு, உடல்நலம் போன்ற பாடங்களை வகுப்பறையில் படித்தார்கள். ஆடுகளம் அளந்து கோடு போடவும், நடுவராக நிற்கவும், சிறுவர்களுக்குக் கற்பிக்கவும் பழகினார்கள். மேல்நாட்டு ஆட்டங்களோடு இந்திய உடற்பயிற்சிகளும் இடம் பெற்றன. டிரில் மாஸ்டர் என்ற நிலை மாறி உடற்கல்வி ஆசிரியர் என்ற மதிப்பு பிறந்தது இவ்வாறுதான்.

பாரிஸ் பயணம்

1924-ஆம் ஆண்டு பக்கின் வாழ்வில் ஒரு முக்கிய ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றில் சிறந்து விளங்கிய தடகள வீரர்கள் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு மேலாளராகவும் பயிற்சியாளராகவும் உடன் சென்றவர் பக்.

அந்த வீரர்களில் நீளம் தாண்டிய தலீப் சிங்கும், தடை ஓட்டத்தில் ஓடிய சி.கே. லட்சுமணனும் குறிப்பிடத்தக்கவர்கள். லட்சுமணன் பின்னாளில் மருத்துவராகி, நாட்டின் சுகாதாரப் பணிகளுக்கே தலைமை இயக்குநராக உயர்ந்தார். விளையாடினால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இவரை நினைவில் கொள்வார்களாக. டென்னிஸ் ஆட்டத்திலும் இந்தியாவின் சார்பில் சிலர் கலந்துகொண்டனர். அவர்களில் நோரா பாலி என்ற பெண்மணி ஒற்றையர் போட்டியில் ஆடினார். இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக்கில் ஆடிய முதல் பெண் அவரே.

அந்தப் பாரிஸ் ஒலிம்பிக் பல வகையில் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. வேகம், உயரம், வலிமை ஆகிய மூன்றிலும் மேலும் மேலும் முன்னேறு என்னும் ஒலிம்பிக் குறிக்கோள் மொழி முதன்முதலாக அங்கேதான் இடம் பெற்றது. அந்த மொழியைத் தந்தவர் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! டொமினிக்கன் சபையைச் சேர்ந்த ஹென்றி டிடோன் அடிகளார், பிரான்சில் ஆர்க்கை என்னும் ஊரில் தாம் நடத்திய பள்ளியின் விளையாட்டு விழாவில் மாணவர்களுக்காகச் சொன்னது அது. பள்ளி மாணவர்களுக்குச் சொன்ன சொல் உலகத்துக்கே குறிக்கோள் ஆயிற்று.

அங்கேதான் எரிக் லிடெல் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஆண்டவருடைய நாளில் ஓடமாட்டேன் என்று விலகினார். பிறகு 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கப் பதக்கம் பெற்றார். அந்த 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் ஹரால்டு ஆப்ரஹாம்ஸ். இவர் பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இவரிடம் வருவோம்.

நம் வீரர்களுக்கு அங்கே ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. ஆனால் பக் வெறுங்கையோடு திரும்பவில்லை. சிலரை எப்போதாவது கப்பலேற்றி அனுப்பினால் போதாது, ஊர்தோறும் மாகாணந்தோறும் அமைப்பு வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. சர் தோராப்ஜி டாட்டாவின் முயற்சிக்குத் துணையாக, ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனும் பக்கும் நாடெங்கும் பயணம் செய்து மாகாணச் சங்கங்கள் அமைய உதவினார்கள். அதன் பயனாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. டாட்டா தலைவரானார். நோரன் செயலாளரானார். பக்கோ தம் மாணவர்களிடமே திரும்பிச் சென்றார்.

விளையாட்டும் வானொலியும்

1924-ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒலிம்பிக் போட்டிகள் வானொலியில் முதன்முதலாக ஒலிபரப்பானது பாரிசில்தான். மைதானத்துக்கு வர முடியாதவர்களும் வீட்டிலிருந்தபடியே ஓட்டத்தைக் கேட்கும் காலம் பிறந்தது. அந்த ஒலிம்பிக் ஜூலை 27 அன்று முடிந்தது. நான்கே நாட்கள் கழித்து, 31-7-1924 அன்று, பக் பணிபுரிந்த அதே சென்னையில், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோயிற்று. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் வந்தன. விளையாட்டும் வானொலியும் இவ்வாறு கைகோத்து நம் வீடுகளுக்குள் நுழைந்தன.

இப்போது ஆப்ரஹாம்சிடம் வருவோம். பாரிசில் வென்ற மறு ஆண்டே நீளம் தாண்டும்போது அவர் கால் முறிந்தது. அவருடைய ஓட்ட வாழ்வு அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் சோர்ந்து வீட்டில் உட்காரவில்லை. பி.பி.சி. வானொலியில் விளையாட்டு வர்ணனையாளரானார். தாம் ஓட முடியாத ஓட்டங்களைப் பிறர் காணும்படி சொல்லால் காட்டினார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தை வர்ணித்தபோது, முந்திச் சென்றவர் அவருடைய நண்பரான லவ்லாக். ஆப்ரஹாம்ஸ் நடுநிலையை மறந்து நண்பரைக் கூவி உற்சாகப்படுத்தவே தொடங்கிவிட்டார்! அந்த வர்ணனை புகழ் பெற்றதுதான். ஆனால் நடுநிலை காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதுவே சான்று.

விதி நூல்

வர்ணனையாளருக்கும் நடுவருக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு. எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிகள் வேண்டும். கோவையில் ஒரு விதமும் கும்பகோணத்தில் வேறு விதமும் ஆடினால், நடுவர் விசில் ஊதுவது எப்படி? வானொலியில் கேட்பவருக்குப் புரிவது எப்படி? இந்தக் குறையைப் போக்கப் பக் பெரிதும் உழைத்தார். விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். எந்த ஆடுகளத்துக்கு எவ்வளவு நீள அகலம், எத்தனை பேர், எது தவறு, அதற்கு என்ன தண்டனை என்ற விவரங்கள் ஓரிடத்தில் கிடைத்தன. பட்டணத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும், அந்த நூல் கையிலிருந்தால் ஓர் ஆசிரியர் முறையாகப் போட்டி நடத்த முடிந்தது. பின்வந்த உடற்கல்வி ஆசிரியர் பலருக்கு அது கைவிளக்காக இருந்தது. வியாயாம் என்ற பெயரில் உடற்கல்விக்கென ஓர் இதழும் கல்லூரியிலிருந்து வந்தது. பயிற்சி முடித்து ஊருக்குத் திரும்பிய ஆசிரியர் தனியாள் ஆகிவிடாமல் தொடர்ந்து கற்றுக்கொள்ள அது வழி செய்தது.

பெண்களும் ஆடுகளமும்

பக்கின் துணைவியார் மேரி பக் அம்மையாரும் கணவரின் பணியில் தோள் கொடுத்தார். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே பயின்ற அந்தக் கல்லூரி பின்னர் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. பெண் ஆசிரியைகள் பயிற்சி பெற்று வந்த பின்னரே பெண்கள் பள்ளிகளில் விளையாட்டு உண்மையில் வேரூன்றியது. மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கிய தாய், கற்பிப்பவரும் ஒரு பெண் என்று அறிந்ததும் அனுப்பினாள்.

நாம் மிகவும் விரும்பி ஆடும் த்ரோபால் ஆட்டமும் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே நம் நாட்டில் பரவியது. 1940-களில் சென்னையில் அது பெண்களுக்கான ஆட்டமாக ஆடப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் த்ரோபால் ஆடாத பெண்கள் பள்ளியைக் காண்பது அரிது.

கொங்கு நாட்டில் அதன் பயன்

பக் சென்னையில் ஏற்றிய விளக்கின் ஒளி நம் கொங்கு நாட்டையும் எட்டியது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் அவர்கள் நிறுவிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி அமைந்தது. சென்னைக்குச் செல்லாமலே நம் பகுதி இளைஞர்கள் உடற்கல்வி ஆசிரியராகும் வாய்ப்பைப் பெற்றார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் பழக்கூடையில் தொடங்கிய கூடைப்பந்து கோவையில் நம் ஊர் ஆட்டமே ஆகிவிட்டது. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆகிய அகில இந்தியப் போட்டிகளைக் காண மாலை வேளைகளில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். மில் வேலை முடிந்து சைக்கிளில் வந்து கேலரியில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஆட்டத்தை ஆடுகிறார்கள்.

மறைவு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஹாரி குரோ பக் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு 58 வயது. தாம் பிறந்த நாட்டைவிட்டு வந்து, வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நம் பிள்ளைகளுக்காகச் செலவிட்டவர் அவர். நாடு விடுதலை பெற்றதை அவர் காணவில்லை. விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் லண்டனில் ஹாக்கித் தங்கம் வென்றதையும் காணவில்லை. ஆனால் அவரிடம் கற்றவர்கள் கற்பித்தார்கள், அவர்களிடம் கற்றவர்களும் கற்பித்தார்கள். அந்தச் சங்கிலி அறுபடவில்லை.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்த தொண்டு நமக்கு அந்நியமானதன்று. புனித பவுல் அடிகளார் தம் திருமுகங்களில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டார். துரின் நகரத்தில் ஏழைச் சிறுவர்களைத் திரட்டிய புனித தொன் போஸ்கோ அவர்களோடு மைதானத்தில் தாமும் ஓடி ஆடினார். பிள்ளைகளோடு விளையாடுகிறவரே பிள்ளைகளை வழிநடத்த முடியும் என்பதை இவர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

நாம் கற்கும் பாடம்

தோழியரே, தலைவி என்றால் யார்? கோப்பையைக் கையில் வாங்குபவள் மட்டுமா? பக்கின் வாழ்வு வேறு விடை தருகிறது. தான் போன பிறகும் வேலை நடக்கும்படி மற்றவர்களை உருவாக்குபவரே தலைவர்.

இதை நம் விளையாட்டு விழாவின் ஒலிபெருக்கிக்குப் பொருத்திப் பார்ப்போம். விழா நாளன்று மைக் முன்னே நிற்கும் மாணவியரின் பணியை நாம் சிறிதாக எண்ணக் கூடாது. பந்தயத்துக்குரியவர்களை முதல் அழைப்பு, இரண்டாம் அழைப்பு, இறுதி அழைப்பு என்று அழைப்பது, ஓட்டத்தை வர்ணிப்பது, முடிவுகளை அறிவிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு பெயரைத் தவறாக வாசித்தால் ஓர் ஆண்டு முழுதும் உழைத்த சிறுமியின் மனம் நோகும். நம் ஹவுஸ் முந்தினால் குரல் உயர்வதும், பின்தங்கினால் குரல் இறங்குவதும் ஆகா. ஆப்ரஹாம்ஸ் போன்ற பெரியவரே தடுமாறிய இடம் அது என்பதை நினைவில் வைப்போம். கடைசியாக வரும் மாணவியும் ஓடித்தான் வருகிறாள். அவள் பெயரையும் அன்போடு சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 15-1-1927 அன்று பி.பி.சி.யின் முதல் நேரடி விளையாட்டு வர்ணனையைச் செய்தவர் வேக்லம் என்பவர். அது ஒரு ரக்பி ஆட்டம். பந்து எங்கே இருக்கிறது என்று கேட்பவர் அறிய, கட்டம் போட்டு எண்ணிட்ட மைதானப் படத்தை முன்கூட்டியே இதழில் அச்சிட்டிருந்தார்கள். வர்ணனையாளர் அருகே பார்வையற்ற ஒருவரை உட்கார வைத்தார்கள். அவருக்குப் புரியும்படி சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்பது அதன் நோக்கம். இதைவிட நல்ல பாடம் மைக் பிடிக்கும் மாணவிக்கு வேறு உண்டா? மைதானத்தின் கோடியில் நிற்கும் பெற்றோருக்கும், கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் குதிகால் தூக்கி நிற்கும் சின்னக் குழந்தைக்கும் சொல்கிறோம் என்று எண்ணிப் பேசினாலே போதும். நம் குரல் தானே தெளிவடையும்.

பத்தாம் வகுப்பினராகிய நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. அடுத்த ஆண்டு அந்த மைக் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளின் கைக்குப் போகும். பட்டியலை எப்படித் தயாரிப்பது, பெயர்களை முன்னாளே கேட்டு எப்படிச் சரிபார்ப்பது, ஆட்ட விதிகளை எப்படிப் படித்து வைப்பது என்பதை இப்போதே அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நாமே செய்து நாமே கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டால், அது விழாவோடு முடிந்துவிடும். பக் ஐந்து பேரோடு தொடங்கினார். நாம் இரண்டு தங்கைகளோடு தொடங்கினாலும் போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பொதுத் தேர்வு வந்துவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுதான். பல பள்ளிகளில் விளையாட்டு பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. வீட்டிலும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இனி மைதானம் எதற்கு என்று கேட்கிறார்கள். நன்றாக ஓடிய கால்கள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அந்தக் கால்களுக்குரியவள் படிப்பில் முன்னேறியதாகவும் தெரியவில்லை. மாலையில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள்.

தேர்வு முக்கியம் என்பதை நாமும் அறிவோம். நாங்கள் மைதானத்திலேயே கிடக்கிறோம் என்று கேட்கவில்லை. வாரத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய அந்த ஒன்றிரண்டு பீரியட்களை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். உடலையும் அறிவையும் ஆன்மாவையும் பிரிக்க முடியாது என்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கடல் கடந்து வந்து நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார். அதை நாம் பத்தாம் வகுப்பில் மறந்துவிடலாமா?

முடிவுரை

பக்கும் நோரனும் ஊர் ஊராய் அலைந்து அமைய உதவிய இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதன்முறையாக ஒரு பெண் தலைவரானார். கேரளத்தின் பையோளியிலிருந்து பள்ளிச் சிறுமியாகவே ஓடத் தொடங்கிய பி.டி. உஷா அவர்கள்தாம் அந்தப் பெண். டிரில் மாஸ்டர் காலத்திலிருந்து இந்த நாள் வரை நம் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது! இந்த ஓட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் தெரியாத ஓர் உடற்கல்வி ஆசிரியரோ ஆசிரியையோ வெயிலில் நின்றிருக்கிறார். அவர்களுக்குப் பாதை போட்டவர் ஹாரி குரோ பக். அவரை நன்றியோடு நினைப்போம். நாமும் கற்போம், கற்றதைத் தங்கைகளுக்குக் கொடுப்போம். நம் உடலையும் குரலையும் தந்த இறைவன் அவற்றை நல்வழியில் பயன்படுத்த நமக்கு அருள்வாராக.